இடது சைலன்சரில் செருப்புத் தடம்

ஜெரால்டு வந்து வண்டியை நிறுத்தியபோது மத்தியானம் மூன்று மணி இருக்கும். முதல் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான். மைன்ஸ் ஹெல்மெட் இன்னும் கைப்பிடியில் தொங்கியது. மாசி மாத வெயில். சுரங்க டவுன்ஷிப்பிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகிற ரோட்டில் அந்த நேரத்துக்குத் திறந்திருப்பது என் ஒர்க்‌ஷாப் ஒன்றுதான். மற்றவர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். எனக்குப் பகல் தூக்கம் வராது. இப்போதெல்லாம் எந்தத் தூக்கமும் வருவதில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

"அண்ணே, இந்தச் சைலன்சரக் கொஞ்சம் பாருங்க" என்றான்.

அவனுடையது பழைய யெஸ்டி பைக். அவன் அப்பா ஓட்டியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்சர். போன ஐப்பசியில் இரண்டுக்கும் குரோம் போட்டு, முகம் பார்க்கிற அளவுக்கு நானே தேய்த்துக் கொடுத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். இடது சைலன்சரின் பின்பாதியில் கருநீலமாக இரண்டு திட்டு. ஒட்டிக் காய்ந்து, ஓரத்தில் குமிழ் விட்டிருந்தது.

எனக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. இந்த ஏரியாவில் சைமன்ராஜ் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். குரோமில் நீலம் ஓடியிருந்தால் எஞ்சின் சூடு அதிகம். பழுப்பென்றால் ஆயில் ஒழுகிக் கருகியது. தார் என்றால் பெட்ரோல் துணியில் கரைந்துவிடும். பெட்ரோல் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தேன். கரையவில்லை. மூங்கில் சிம்பால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன்.

"ரப்பர். ஹவாய் செருப்பு. சூடான சைலன்சர்ல கால வெச்சிருக்காங்க, அடி உருகி ஒட்டிகினு இருக்குது. இதுக்கா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு வந்த?"

அவன் முகம் வெளுத்துப்போனது. "பின்னால யாரும் உக்காரலண்ணே."

"உக்காராம ரப்பர் எப்படிப்பா வரும்? இங்க பாரு. ரெண்டு திட்டும் ஒரே பக்கம். ரெண்டும் நுனி வெளிய பாத்துகினு இருக்குது. அப்படின்னா ஒரு பக்கமா உக்காந்த ஆளு. சேல கட்டின பொம்பள. சின்னக் காலு."

பெருமையாகத்தான் சொன்னேன், மடையன்.

"இதையேதாண்ணே ஏஞ்சலினும் சொல்றா" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான்.

ஏஞ்சலின் அவன் மனைவி. சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிற பெண். வயிற்றில் ஐந்து மாதம் என்பதால் ஒரு மாதமாக வண்டியிலேயே ஏறவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் வண்டியைத் துடைக்கும்போது அவள்தான் முதலில் தடத்தைப் பார்த்திருக்கிறாள். துடைத்துவிட்டாள். இரண்டு நாளில் மறுபடியும். மூன்றாவது தடவை, "யாரவ?" என்று கேட்டிருக்கிறாள். இவன் திருதிருவென்று விழித்திருக்கிறான். போன வாரம், தவசு காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று, நெல்லிக்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நேரா உங்க கடைக்கு வராண்ணே. மெக்கானிக் அண்ணன் என்ன சொல்றாரோ அதான் கடைசி, பொம்பள காலுன்னு அவரும் சொல்லிட்டா அப்படியே பஸ் ஏறிடுவேன், புள்ளையக்கூட கண்ணுல பாக்க முடியாதுன்னுட்டா." என் கையைப் பிடித்துக்கொண்டான். கை சில்லென்று இருந்தது. "தார்னு சொல்லிடுங்கண்ணே. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாருக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் தெரியாதவனாடா நானு? வண்டிய வுட்டுட்டுப் போ. எங்கேருந்து வருதுன்னு கண்டுபுடிக்கிறேன். உண்மையிலயே யாரும் ஏறலன்னா, அத நானே அந்தப் பொண்ணுகிட்டச் சொல்றேன்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே தடத்தைச் சுரண்டி, பாலிஷ் போட்டு, வண்டியைக் கடைக்குள் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினேன். மத்தியானம் ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனேன். வீடு பின்னாலேயே. முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்து ஷட்டரை அரை ஆள் உயரம் தூக்கினேன். கருகின ரப்பர் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது.

எங்கேயோ ஒயர் கருகுகிறது என்று நினைத்து மெயினை அணைத்தேன். ஒயர் எல்லாம் சரியாக இருந்தது.

இடது சைலன்சரில் இரண்டு தடம்.

சைலன்சரைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. எஞ்சினைத் தொட்டேன். அதுவும் சில்லென்றுதான் இருந்தது.

தடத்தைத் தொட்டேன்.

ரப்பர் கொதித்தது. விரலை இழுத்தபோது நூல் நூலாகக் கூடவே வந்தது.

"சேசுவே" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது குரோமில் எனக்குப் பின்னால் இருந்த சுவர் வளைந்து தெரிந்தது. சுவரில் ஆணி. ஆணியில் ஒரு சாரி கார்டு தொங்குகிறது. பெண்கள் ஒருபக்கமாக உட்காரும்போது சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கப் பக்கவாட்டில் போடுகிற கம்பிக் கூண்டு. அதன் அடியில் கால் வைக்கிற தகடு.

அது ஆடிக்கொண்டிருந்தது.

ஃபேன் ஓடவில்லை, மெயினைத்தான் அணைத்திருந்தேனே. எழுந்துபோய்க் கையால் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கார்டு இதே வண்டியுடையது. ஐப்பசியில் குரோம் போட்ட அன்று நான்தான் கழற்றினேன். "இருக்கட்டும்ணே, யாராச்சும் ஏறினா கால் வைக்கணும்" என்று ஜெரால்டு சொன்னான். "இவ்ளோ அழகா குரோம் போட்டுட்டு அத மறைச்சிகினு ஒரு மாட்டுக் கொட்டாயா? உன் வூட்டுக்காரிதான் சுடிதார் போடறாளே" என்று அவன் வாயை அடைத்தேன். எனக்கு என் கைவேலையை ஊர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அன்று சாயந்திரம் கடையில் இருக்கப் பிடிக்கவில்லை. மூன்று தடவை டீ குடித்தேன். மறுபடியும் தடத்தைச் சுரண்டினேன். ஓட்டிப் பார்க்காமல் எந்தக் கோளாறும் பிடிபடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு யெஸ்டியை எடுத்தேன். பனி இறங்கியிருந்தது. ஹெட்லைட் பத்தடிக்கு மேல் போகவில்லை. முத்தாண்டிக்குப்பம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டி பாட்டுக்கு வந்தது. ஒரு குறையும் இல்லை. திரும்புவதற்காக அங்கே நிறுத்தி, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தேன்.

பின் ஸ்பிரிங் அமுங்கியது.

இருபத்தேழு வருஷம் வண்டி பார்த்தவனுக்குச் சீட்டில் யார் ஏறினாலும் எடை தெரியும். நாற்பது கிலோ. அதற்கு மேல் இருக்காது. ஒருபக்கமாக, பழக்கமில்லாதவர்கள் ஏறுவதுபோல் தயங்கித் தயங்கி ஏறியது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன்.

கியரைப் போட்டேன். வண்டி இடது பக்கம் இழுத்தது. கைப்பிடியை வலது பக்கம் அழுத்திப் பிடித்து ஓட்ட வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. பனியில் மரம் எது, ஆள் எது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில் ரப்பர் வாசனை வந்தது. சீட்டுக்குப் பின்னால் கால்கள் நிலைகொள்ளாமல் மாறி மாறி இடம் தேடுவது எனக்குத் தெரிந்தது. வைக்கிறது, எடுக்கிறது. வைக்கிறது, எடுக்கிறது.

டிங் டிங்.

பின் கம்பியில் வளையல் தட்டுகிற சத்தம்.

டிங் டிங்.

இந்த ரோட்டில் லிப்ட் கேட்காதவர்கள் கிடையாது. ஷிப்டுக்குப் போகிற வண்டியைப் பார்த்தால் கை நீட்டுவார்கள், நாமும் ஏற்றிக்கொள்வோம், பேர்கூடக் கேட்பதில்லை. இறங்க வேண்டிய இடத்தில் ஆண்கள் தோளைத் தட்டுவார்கள். பெண்கள் முன்பின் தெரியாதவன் தோளைத் தொட மாட்டார்கள். சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியை இரண்டு முறை தட்டுவார்கள். நிறுத்துங்க என்று அர்த்தம்.

நான் நிறுத்தவில்லை. கை கேட்கவில்லை. முந்திரித் தோப்பு முடிகிற இடத்து ஸ்பீடு பிரேக்கரில் வண்டி தூக்கிப் போட்டது.

எடை போய்விட்டது.

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். ரோடு வெறுமையாக இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மார்கழிக் கடைசியில் ஒருநாள் ஜெரால்டு இதே வண்டியோடு வந்து, "பின்னால ஏதோ ரெண்டு ரெண்டா தட்டுதுண்ணே" என்று சொன்னான். நான் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. சைலன்சருக்கு உள்ளே இருக்கிற குழாய் லூஸ் என்று சொல்லி, ஒரு போல்ட்டை முறுக்கி அனுப்பிவிட்டேன். எஞ்சின் சத்தம் வேகத்துக்குத் தகுந்தபடி கூடும், குறையும். எந்த எஞ்சினும் இரண்டு இரண்டாக எண்ணித் தட்டாது. அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

போன் போட்டு வரச் சொன்னேன். எட்டு மணிக்கு ஜெரால்டு வந்தான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"முத்தாண்டிக்குப்பத்துல யார ஏத்தின?"

சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தான்.

"மாமியார் வூட்டுலேருந்து நேரா பர்ஸ்ட் ஷிப்ட் போய்கினு இருந்தேண்ணே. செம பனி. ஒரு அம்மா கை காட்டினாங்க. டவுன்ஷிப் ப்ளாக்குல பெருக்கற காண்ட்ராக்ட் வேலயாம், பஸ்ஸ வுட்டுட்டாங்களாம். ஏத்திகினேன். கொஞ்ச தூரத்துலயே தட்டுற சத்தம். டவுன்ஷிப் இன்னும் வரலியே, வண்டிதான் எங்கயோ ஆடுதுன்னு நெனச்சேன். ஷிப்டுக்கு வேற லேட்டு. ஸ்பீடு பிரேக்கர் தாண்டினதும் வண்டி லேசாயிடுச்சி. சரி, ஸ்லோ பண்ணப்பவே எறங்கிட்டாங்கன்னு..."

"திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கலண்ணே."

பெரியநாயகி. அந்தப் பெயரை ஊரே கேட்டிருந்தது. மார்கழியில் ரோட்டோரம் தலையில் அடிபட்டுக் கிடந்து, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இழுத்துக்கொண்டிருந்து போய்ச் சேர்ந்தவள். ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டது என்றார்கள். நானும் அந்த வண்டிக்காரனை வாய் நிறையத் திட்டியிருக்கிறேன்.

"நீங்க போல்ட்டு லூஸுன்னு சொன்னீங்கண்ணே" என்றான் ஜெரால்டு, தரையைப் பார்த்தபடி. "தட்டினது வண்டிதான், அவங்க இல்லன்னு அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்."

அவள் தட்டியது இறங்குவதற்காகக்கூட இல்லை. கால் சுட்டிருக்கிறது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் தகடு இல்லை.

இதை நான் அவனிடம் சொல்லவில்லை. எழுந்துபோய் ஆணியிலிருந்து சாரி கார்டை எடுத்து, நாலு போல்ட்டும் போட்டு, தகட்டோடு வண்டியில் மாட்டினேன். கால் வைக்க இடம் கிடைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன். சைலன்சரையும் கடைசியாக ஒருமுறை துடைத்து வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஏஞ்சலின் வந்தாள். பூசைக்குக் கட்டிய மஞ்சள் சேலை, தலையில் முக்காடு இன்னும் எடுக்கவில்லை. ஜெரால்டு பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"அண்ணே, உங்க வாயால சொல்லுங்க. அது என்ன கறை?"

ஜெரால்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் அவனோடு சேர்ந்து என் பெயரும் சந்திக்கு வரும். கார்டைக் கழற்றியது யார் என்று கேட்பார்கள்.

"தாரும்மா" என்றேன். "ரோடு போடறாங்க இல்ல, அதான் தெறிச்சிருக்குது. பாவம், இவன ஏம்மா படுத்தற?"

அந்தப் பெண் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். பிறகு சிரித்தாள். "லூசு, அத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். சேலையை ஒதுக்கி, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். தகட்டில் காலை வைத்ததும் முகம் மாறியது.

"தகடு சுடுதே அண்ணே?"

வண்டியை அவன் இன்னும் உதைக்கவேயில்லை.

"வெயில்ல நின்னுகினு இருந்துச்சும்மா" என்றேன். வண்டி காலையிலிருந்து நிழலில்தான் நின்றது.

கிளம்பினார்கள். நாற்பது ஐம்பது அடி போயிருப்பார்கள். எஞ்சின் சத்தத்துக்கு மேலே எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டிங் டிங்.

ஏஞ்சலினின் ஒரு கை வயிற்றில் இருந்தது. இன்னொரு கை அவன் தோளில் இருந்தது.

டிங் டிங்.

ஜெரால்டும் கேட்டுவிட்டான். அவன் முதுகு விறைத்தது. பயத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினான், பைத்தியக்காரன். வண்டி இடது பக்கம் சாய்ந்துகொண்டே பறந்தது. ஏஞ்சலின் கத்துகிறாள். எதிரே ஸ்பீடு பிரேக்கர்.

"டேய், நிறுத்துடா! தட்டினா நிறுத்துடா!"

அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டு ஓடினேன். ஸ்பீடு பிரேக்கருக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. மாதா காப்பாற்றினாள். ஏஞ்சலின் குதித்து இறங்கி, ரோட்டோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாரோ என் காலத் தள்றாங்க" என்றாள். "பஸ்ல எடம் கேக்கற மாதிரி. கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்கன்னு..."

தகட்டில் அவளுடைய மண் ஒட்டிய இரண்டு காலடி. அதற்கு நேர் கீழே, சைலன்சரில், கருநீலமாக இரண்டு தடம் புகைந்துகொண்டிருந்தது.

ஜெரால்டு நடு ரோட்டில் மண்டி போட்டுவிட்டான். பனி, பஸ் ஸ்டாப், கம்பிச் சத்தம், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். ஏஞ்சலின் கடைசிவரைக்கும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவங்க வூடு எங்க?"

"முத்தாண்டிக்குப்பம்."

"எழுந்திரு. அந்த வண்டி வேணாம். பஸ்ல போலாம். நானும் வரேன்."

பஸ் வந்தது. படியில் ஏறப்போனவன் திரும்பி, "அண்ணே, நீங்களும் வரீங்களா?" என்று கேட்டான்.

"கடை தொறந்து கெடக்குதுப்பா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கடையே கிடையாது.

சாயந்திரம் அவன் மட்டும் வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. ஆனால் நிமிர்ந்து நின்றான். பெரியநாயகியின் மகள் மலர்கொடி அம்மா போட்டிருந்த செருப்பை எடுத்துவந்து காட்டினாளாம். அடியில் இரண்டிலும் சைலன்சர் வளைவுக்கு ஏற்ற பள்ளம். அடிக்கவில்லை, திட்டவில்லை. திங்கட்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்று இவன் சொன்னதும் தலையை ஆட்டியிருக்கிறாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"எங்கம்மாவுக்குக் கால் வைக்க ஏன் எடமில்லாம போச்சு?"

"நீ என்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"நானே கழட்டிட்டேன்னு சொல்லிட்டேண்ணே. உங்க பேர எடுக்கல. நீங்க எதுக்கு இதுல."

"நல்லது" என்றேன்.

அந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் சொன்னபடியே ஸ்டேஷனுக்குப் போனான், கேஸ் நடக்கிறது. ஏஞ்சலின் குவார்ட்டர்ஸுக்கே திரும்பி வந்துவிட்டாள். யெஸ்டி சைலன்சர் அன்றிலிருந்து சுத்தமாக இருக்கிறது. நானே போய்க் குனிந்து பார்த்தேன், ஒரு பொட்டுக் கறை இல்லை.

மறு வாரம் என் மொபெட்டில் வந்தது.

நான் வைத்திருப்பது டிவிஎஸ் மொபெட். சீட்டுக்கு முன்னால், சாமான் வைக்கிற இடத்தில் சமதளமாக ஒரு தகடு இருக்கும், தெரியுமில்லையா. அதில் இரண்டு கருநீலத் தடம். சைலன்சர் பக்கத்தில் இல்லை, சூடு வர வழியே இல்லை. இந்தத் தடம் பக்கவாட்டில் பார்க்கவில்லை. நுனி இரண்டும் சீட்டைப் பார்த்து இருந்தது. ஓட்டுகிறவனுக்கு எதிரே, அவன் முகத்துக்கு நேராக நிற்கிற காலடி.

சுரண்டினேன். மறுநாள் வந்தது. சுரண்டினேன். வந்தது. தவசு காலம் முழுக்கச் சுரண்டினேன். ஈஸ்டருக்கு முன்னால் எல்லாரும் செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார்கள். நான் கோயில் கேட் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டேன். முத்தாண்டிக்குப்பம் இங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். மலர்கொடி வீட்டுக்குப் போய், கழட்டினது நான்தாம்மா என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது.

நேற்றுக் காலை துணிந்து கிளம்பினேன். மொபெட்டில் ஏறி, தடத்தை மிதித்துவிடாமல் காலை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டேன். கடையைத் தாண்டி நூறடிகூடப் போயிருக்க மாட்டேன். மனசு வரவில்லை. வண்டியைத் திருப்பினேன்.

திருப்பின உடனே கைப்பிடிக் கம்பியில், என் இரண்டு கைக்கும் நடுவில், இரண்டு தட்டு.

நிறுத்தினேன். இந்தத் தடவை நிறுத்திவிட்டேன். யாரும் இறங்கவில்லை.